ஆயாவுக்கும் படித்துக் காட்டு, அம்மா

எடின்பரோ,
நவம்பர், ஞாயிறு இரவு.

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே நான் நலம். நீ, அப்பா, ஆயா, தம்பி எல்லோரும் நலமா? பணம் வந்து சேர்ந்துவிட்டது என்று தம்பி சொன்னான். அதில் முதலில் ஆயாவை முட்டிவலிக்கு டாக்டரிடம் அழைத்துப் போ. மண்டபத்து அட்வான்ஸ் அதற்கப்புறம். "எனக்கு ஒண்ணும் இல்ல, போடி"ன்னுதான் ஆயா சொல்லும். நீ கேட்காதே.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். இதைப் போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் வரும், தம்பி வந்து பிடுங்கிக்கொள்வான். சாப்பாடு முடிந்ததும் ஆயா பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்துக் காட்டு. முக்கியமாக அதற்குத்தான் எழுதுகிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. நைட் டூட்டி முடித்துக் காலையில் வெளியே வரும்போது அப்போதுதான் லேசாக வெளுத்திருக்கும். வந்து படுத்து எழுந்தால் மறுபடி இருட்டு. சூரியனைப் பார்க்காமலே சில வாரம் போய்விடுகிறது. ஹீட்டர் பில்லுக்குப் பயந்து ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். மீனுக்குக் குறையில்லை. கானாங்கெளுத்தி வகையில் ஒன்று நல்ல கொழுப்போடு கிடைக்கிறது. கோட்டயத்துச் சேச்சி குடம்புளி போட்டு வைப்பார், நான் நம் புளி கரைத்து வைப்பேன்.

சேச்சிதான் நேற்று என்னை இழுத்துக்கொண்டு போனார். வார்டில் வேலை செய்யும் பெண்கள் சேர்ந்து ஒரு பேய் நடைக்கு டிக்கெட் போட்டிருந்தார்கள். இந்த ஊரில் அது ஒரு பெரிய வழக்கம். இருட்டியதும் கருப்பு அங்கி போட்ட ஒருவர் பத்துப் பதினைந்து பேரைப் பழைய நகரத்துச் சந்துகளில் நடத்திக்கொண்டு போவார். பழைய பப்களின் வாசலில் நிறுத்தி அங்கே யார் செத்தார்கள், யார் இன்னும் நடமாடுகிறார்கள் என்று கதை சொல்வார். நடுவில் ஒன்றிரண்டு பப்புக்குள்ளே போய் உட்காரலாம்.

பப் என்றதும் உன் முகம் மாறும், தெரியும். நம் தெருமுனை டாஸ்மாக்கை மனதில் வைக்காதே. இங்கே கணவன் மனைவி பிள்ளைகளோடு வந்து சாப்பிடுகிறார்கள். ஆயா வயசுப் பாட்டி ஒருத்தி கணப்பு பக்கத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தாள், அவள் காலடியில் நாய் தூங்கியது. நானும் சேச்சியும் அயர்ன் ப்ரூ குடித்தோம். ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், இந்த நாட்டு கலர் சோடா. தலை சுற்றவில்லை, நல்லபடியாக அறைக்கு வந்து சேர்ந்தேன்.

ஸ்காட்லாந்து என்றால் அப்பாவுக்கு எழும்பூர் கர்க் தேவாலயத்தை ஞாபகப்படுத்து. 1821-ல் திறந்த அந்த வெள்ளைக் கோவில் ஸ்காட்லாந்துச் சபைக்காரர்களுக்காகக் கட்டியதுதான். அவர்கள் புறப்பட்டு வந்த நாடு இது.

நடையில் நாங்கள் அதிக நேரம் நின்றது கிராஸ்மார்க்கெட் என்ற இடத்தில். அண்ணாந்து பார்த்தால் பாறை மேல் கோட்டை. கீழே நீளமான சந்தை வெளி, சுற்றிலும் பப். ஒரு காலத்தில் ஆடு மாடு விற்ற அந்தச் சந்தையில்தான் தூக்குமரமும் நின்றது. ராஜாவின் பேச்சைச் சபை விஷயத்தில் கேட்கமாட்டோம் என்று நின்ற பலரை 1600-களில் அங்கே தூக்கில் போட்டார்கள். அந்த இடத்தில் வட்டமாகக் கல் கட்டி நினைவிடம் வைத்திருக்கிறார்கள். எதிரே ஒரு பப்புக்கு லாஸ்ட் டிராப் என்று பெயர். பழைய காலத்து உடை போட்ட சின்னப் பெண் ஒருத்தி அங்கே வேலை செய்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாளாம். பக்கத்தில் ஒயிட் ஹார்ட் என்ற சத்திரம், 1516-லிருந்து இருப்பதாகச் சொல்கிறார்கள். 1791-ல் ராபர்ட் பர்ன்ஸ் என்ற பெரிய கவிஞர் தங்கிய இடம். அதன் நிலவறையில் பீப்பாய்கள் பக்கம் நிழல் தெரிகிறதாம்.

அந்த நிழலை விட எனக்குக் குளிரெடுத்தது பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் கதை. சந்தையின் மேற்குக் கோடியில், வெஸ்ட் போர்ட்டில், ஹேரின் பெண்டாட்டி நடத்திய வாடகை விடுதி இருந்தது. அப்போது மருத்துவக் கல்விக்குச் சட்டப்படி தூக்கிலிடப்பட்டவர்களின் உடல்தான் பெரும்பாலும் கிடைக்கும், அது போதவில்லை. விடுதியில் வாடகை பாக்கி வைத்துவிட்டு ஒரு கிழவர் நோயில் இறந்துபோனார். அவர் உடலை ராபர்ட் நாக்ஸ் என்ற டாக்டரின் பள்ளியில் விற்றால் ஏழரை பவுண்டு கிடைத்தது. ருசி கண்டுவிட்டார்கள். 1828 என்ற ஒரே வருஷத்தில் 16 பேரை விஸ்கி ஊற்றிக் கொடுத்து, மூச்சைப் பொத்திக் கொன்று விற்றார்கள். பெரும்பாலும் கேட்க நாதியில்லாதவர்கள். அதில் ஜேமி என்று ஒரு பையன், புத்தி கொஞ்சம் குறைவு, வெறுங்காலோடு தெருவில் திரிவான், ஊருக்கே தெரிந்தவன். மேஜையில் அவனைப் பார்த்ததும் மாணவர்களுக்கே அடையாளம் தெரிந்துவிட்டது. ஹேர் அரசுத் தரப்பு சாட்சியாகி வெளியே வந்துவிட்டான். 1829 ஜனவரியில் பர்க்கைத் தூக்கில் போட்டு, அவன் உடலையே அறுத்துப் பார்த்தார்கள். அவன் எலும்புக்கூடு இன்றும் பல்கலைக்கழகத்தில் நிற்கிறது. மருத்துவக் கல்விக்கு உடல் கிடைப்பது பற்றிய சட்டத்தை 1832-ல் மாற்றினார்கள். நர்சிங் படித்தபோது எலும்புகளைக் கையில் எடுத்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிப் படித்திருக்கிறேன். அது யாருடையது என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நேற்று அந்தச் சந்தில் நின்றபோது அதுதான் மனதில் ஓடியது.

இனி வருவதை ஆயாவுக்கு மெதுவாகப் படி.

அதே கிராஸ்மார்க்கெட்டில் மேகி டிக்சன் என்ற பெண்ணின் பெயரில் ஒரு பப் இருக்கிறது. அவள் மீன்காரி. இங்கிருந்து கிழக்கே கடலோரத்தில் இருக்கும் மஸல்பரோ ஊர்க்காரி. புருஷன் விட்டுப் போய்விட்டான். கப்பற்படைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றும் சொல்கிறார்கள். பிழைக்க வழியில்லாமல் தெற்கே கெல்சோ என்ற ஊருக்குப் போய் ஒரு சத்திரத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே கர்ப்பமானாள். வெளியே தெரிந்தால் வேலை போகும், மானம் போகும். வாயைத் திறக்காமல் வைத்திருந்து தனியாகப் பெற்றாள். குழந்தை தங்கவில்லை. ட்வீட் ஆற்றங்கரையில் கொண்டுபோய் விட்டாள். கண்டுபிடித்துவிட்டார்கள்.

அப்போது இந்த நாட்டில் 1690-ல் போட்ட ஒரு சட்டம் இருந்தது. ஒரு பெண் கர்ப்பத்தை மறைத்து, பிரசவத்துக்கு யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல் இருந்து, குழந்தை செத்துப்போனாலோ காணாமல் போனாலோ, அவள்தான் கொன்றாள் என்று எடுத்துக்கொள்வார்கள். கொன்றதை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. 1724 செப்டம்பர் 2 அன்று அந்தச் சந்தையில் மேகியைத் தூக்கில் போட்டார்கள். அவள் உடலைக் கேட்டும் அறுவை மருத்துவப் பையன்கள் வந்து நின்றார்கள். சொந்தக்காரர்கள் சண்டை போட்டு மீட்டு, பெட்டியில் வைத்து வண்டியில் ஏற்றி ஊருக்குக் கொண்டு போனார்கள். வழியில் பெஃபர்மில் என்ற இடத்தில் ஒரு கடையில் குடிக்க நிறுத்தினார்கள். வெளியே நின்ற வண்டியில் பெட்டிக்குள்ளிருந்து சத்தம்.

இதைச் சொல்லும்போது நாங்கள் பப்புக்குள் உட்கார்ந்திருந்தோம். அங்கி போட்ட அந்த இளைஞர் பேச்சை நிறுத்திவிட்டு, குனிந்து, மேஜையின் அடிப்பக்கத்தை விரல் முட்டியால் தட்டினார். டொக். டொக். என் கண்ணாடித் தம்ளர் அதிர்ந்தது. பக்கத்து மேஜையில் பேச்சு நின்றுவிட்டது. சேச்சி சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அம்மா. பயத்தில் இல்லை. உள்ளே கிடந்து தட்டுகிறவள் ஒரு மீன்காரி.

அவள் பிழைத்துக்கொண்டாள். தண்டனை நிறைவேறிவிட்டது, மறுபடி தூக்கில் போட முடியாது என்று விட்டுவிட்டார்கள். அதற்கப்புறமும் பல வருஷம் வாழ்ந்தாள், பிள்ளை குட்டி பெற்றாள். அரைத்தூக்கு மேகி என்றே ஊர் கூப்பிட்டதாம்.

நடை முடிந்ததும் அந்த இளைஞரிடம் மஸல்பரோவைப் பற்றிக் கேட்டேன். சிட்டி பஸ்ஸே போகிறதாம். அந்த ஊர் மீன்காரிகள் பெரிய பிரம்புக் கூடையை முதுகில் மாட்டி, அதன் வாரை நெற்றியில் கொடுத்து, குனிந்தபடியே எடின்பரோ வரை நடந்து வந்து வீடு வீடாக விற்பார்களாம். காசிமேட்டில் விடியுமுன் ஏலம் எடுத்துப் புரசைவாக்கம் வரை ஆயா நடந்ததை நான் அவரிடம் சொன்னேன். சும்மாடு என்றால் என்ன என்று என் துப்பட்டாவைச் சுருட்டித் தலையில் வைத்தே காட்டினேன். கூடை ஏற்றி ஏற்றி ஆயாவின் உச்சந்தலையில் முடி போன வட்டம் இருக்கிறதே, அதையும் சொன்னேன். அவர் அங்கியைக் கழற்றாமலே அரை மணி நேரம் நின்று கேட்டார்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சந்து முனையில் யாரோ ஒளிந்திருந்து குபீரென்று மேலே பாய்ந்தார்கள். எல்லாரும் அலறிச் சிரித்தார்கள். மேகி கதையைக் கேட்டுவிட்டு வந்த எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. செத்தவர்களைக் காட்டிப் பயமுறுத்துவது சுலபம். அவள் பட்டதை உட்கார வைத்துச் சொன்னாரே, அதற்குத்தான் நான் கொடுத்த டிக்கெட் காசு.

என் வேலை உனக்குத் தெரியும். குழந்தை இறந்தே பிறந்தால் எங்கள் வார்டில் அந்தத் தாயை மற்ற தாய்மார் பக்கத்தில் படுக்க வைக்கமாட்டோம். தனி அறை, புருஷனும் கூடவே தங்கலாம். குளிரூட்டிய தொட்டிலில் பிள்ளையை அவர்கள் பக்கத்திலேயே வைத்திருப்போம். விரும்பினால் குளிப்பாட்டி, துணி உடுத்தி, பிஞ்சுக் காலில் மை தடவி அட்டையில் அச்சு எடுத்துக் கொடுப்போம். என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டு, அதற்கப்புறம் அந்தப் பெயரைச் சொல்லித்தான் பேசுவோம். முதல் தடவை இதைச் செய்தபோது எனக்குக் கை நடுங்கியது. மேகிக்கு இதே ஊரில் கயிறு கிடைத்தது. அந்தச் சட்டத்தில் கொலைப் பழி நீங்க 1809 வரை ஆயிற்று.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன். ஆயாவின் அக்கா தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள் இல்லையா? நம் வீட்டுப் பூவாடைக்காரி அவள்தான். வீட்டில் எந்த நல்ல காரியம் நடந்தாலும் முதல் படையல் அவளுக்கு. கலசம் வைத்து, புதுப்புடவை சாத்தி, மஞ்சள் குங்குமம் வளையல் வைத்து, கொழுக்கட்டை படைத்து, அவளைக் கூப்பிட்ட பிறகுதான் பந்தக்கால். ராத்திரி கிணற்றடிக்குப் போனால் கொலுசுச் சத்தம் கேட்கும் என்று எங்களைப் பயமுறுத்தியதும் அவளைச் சொல்லித்தான். சின்ன வயசில் எனக்கு அவள் பேயா சாமியா என்றே புரியாது. ஆனால் இத்தனை வருஷத்தில் அவள் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பூவாடைக்காரி, பூவாடைக்காரி, அவ்வளவுதான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் தூக்கில் தொங்கிய ஒரு மீன்காரியின் பெயரை இந்த ஊர் பலகையில் எழுதி மாட்டியிருக்கிறது. என் பாட்டியின் கூடப் பிறந்தவள் பெயர் எனக்குத் தெரியாது. நேற்று ராத்திரி முழுக்க இதே நினைப்பாக இருந்தது.

ஆயாவிடம் கேள். பெயர் என்ன, எத்தனை வயசு, எந்த ஆஸ்பத்திரி, இல்லை வீட்டிலேயேவா, கூட யார் இருந்தார்கள். அவளும் கூடை தூக்கினாளா? பிள்ளை ஆணா பெண்ணா? முதலில் ஆயா "அதெல்லாம் எதுக்குடி இப்போ"ன்னு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அழுதாலும் அழட்டும், பக்கத்திலேயே உட்கார்ந்திரு. அது சொல்வதைத் தம்பியை விட்டு ஒரு நோட்டில் எழுதச் சொல், போனில் பதிவு செய்தாலும் சரி.

தை மாதக் கல்யாணத்துக்கு எனக்கு லீவு கிடைத்துவிட்டது. படையலுக்கு முன்பே வந்துவிடுவேன். பூவாடைக்காரிக்குப் புடவை இந்தத் தடவை என் காசில். வந்ததும் நீயும் நானும் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் போய் எடுக்கலாம், நீ முன்னாடியே எடுத்து வைத்துவிடாதே. அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்பதையும் ஆயாவிடம் கேட்டு வை. படைக்கும்போது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்று பூசாரியிடமும் சொல்லிவிடு.

அடுத்த ஆஃபில் நானும் சேச்சியும் மஸல்பரோ போகிறோம். கடற்கரையையும் மீன் கடைகளையும் படம் எடுத்துத் தம்பி போனுக்கு அனுப்புகிறேன், ஆயாவுக்குப் பெரிதாக்கிக் காட்டச் சொல்.

இப்படிக்கு,
உன் அன்பு மகள்.