குழியைக் கொஞ்சம் பெரிதாக்கினால் என்ன?

ஆசிரியருக்கு,

கோல்ஃப் குழியின் அகலம் 4.25 அங்குலம்தான் என்பது 1891-இல் போட்ட விதி, அதைத் தொட்டாலே ஆட்டம் கெட்டுவிடும் என்று இங்கே பெங்களூரில் நம் ஆட்களே சிலர் குதிக்கிறார்கள். சரி, போட்டிக்கு வேண்டாம். புதிதாகக் கற்பவர் மூன்றடி தூரத்திலிருந்து தட்டுகிற பந்து விளிம்பை நக்கிவிட்டு வெளியே ஓடுகிறது, திரும்பத் தட்டினால் அந்தப் பக்கம் போகிறது, பின்னால் நிற்கிற நால்வர் அணி கடிகாரத்தைப் பார்க்கிறது, அப்புறம் அவர் எப்படி மறுவாரம் வருவார்?

2014-இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் 15 அங்குலக் குழிகள் வைத்து ஆடிப் பார்த்தார்கள். ஸ்பெயினின் பிரபல கோல்ஃப் வீரர் செர்ஜியோ கார்சியாவே ஆடினார். அவ்வளவு பெரிதாக வேண்டாம் (அது அண்டா!), 8 அங்குலம் போதும். அதே கிரீனில் (குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரை) வழக்கமான குழியும் ஓரமாக இருக்கட்டும், வேண்டியவர் அதில் போடட்டும். வார நாள் மதியங்களில் மட்டுமாவது நம்மூர் கிளப்புகள் இதைச் செய்து பார்க்கலாமே.

- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு