உன் கதையில வர்ற அம்மா

கண்ணம்மா,

நீ அனுப்பின ஃபைலைப் படிச்சேன், ஏழு அத்தியாயமும் ஒரே மூச்சுல. நல்லா எழுதறடி, அதை முதல்ல சொல்லிடறேன், அப்புறம் அம்மா குறை மட்டுந்தான் சொன்னான்னு தம்பிகிட்ட புலம்பக் கூடாது. ராத்திரி தூங்கறியா? ஃபைல் வந்த நேரம் விடிகாலை 3:40னு காட்டுச்சு, அதான்.

முதல்ல கணக்கு. உன் கதையில கேம்ப்ல 3000 மனுஷங்க, அவங்களை ஆள 400 வாம்பயர், அதான் ரத்தம் குடிக்கற பேய்ங்க, ஒவ்வொண்ணுக்கும் தினம் அரை லிட்டர் ரத்தம். ப்ளட் பேங்க்ல இத்தனை வருஷம் குப்பை கொட்டினவகிட்ட இதைக் காட்டலாமா? ஒரு பையில எடுக்கறதே அதிகபட்சம் 450 மில்லி. நாலு மாசத்துக்கு ஒரு தடவைன்னு வச்சா ஒரு ஆள்கிட்டேர்ந்து வருஷத்துக்கு 1.35 லிட்டர். தினம் அரை லிட்டர் குடிக்கறவனுக்கு வருஷத்துக்கு 182 லிட்டர் வேணும், அப்ப ஒருத்தனுக்கே 135 பேர். உன் 3000 பேரை வச்சு 22 வாம்பயருக்குத்தான் கட்டுப்படியாகும், அதுவும் குழந்தைங்க, காய்ச்சல்காரங்க எல்லாரையும் சேத்தாத்தான். மீதி 378 பேர் பட்டினி. சேத்து வைக்கவும் முடியாது, ஃப்ரிட்ஜ்ல 2லேர்ந்து 6 டிகிரிக்குள்ள வச்சாலே 35 நாள், நல்ல திரவம் கலந்தா 42. கரண்ட்டே இல்லாத உலகம்னு வேற எழுதிருக்கே.

ஆனா இதுலதாண்டி உன் கதையே இருக்கு. நம்ம ரத்தம் கெட்டா அவங்களுக்கு சோறு இல்ல, நம்ம உடம்பைப் பத்தி நம்மளைவிட அவங்களுக்குத்தான் பயம் ஜாஸ்தி. உன் கதாநாயகி, அந்தப் பொண்ணு கையில கத்தி எதுக்கு? கேம்ப்ல ரத்தத்தை டெஸ்ட் பண்ற டேபிள்ல அவளை உக்கார வை. விரல் நுனியில குத்தி ஒரு சொட்டை நீலக் கரைசல்ல விடுவோம், மயில்துத்தம் கரைச்ச தண்ணிதான் அது. சொட்டு விறுவிறுன்னு முழுகினா ஹீமோகுளோபின் 12.5க்கு மேல, எடுக்கலாம். தயங்கித் தயங்கி மிதந்தா கிடையாது, திருப்பி அனுப்பிடுவோம். ராத்திரி யாருக்கும் தெரியாம அவ அதுல இன்னும் கொஞ்சம் மயில்துத்தத்தைக் கரைச்சுட்டான்னு வை, கரைசல் கனமாயிடும், நல்ல ரத்தம்கூட மிதக்கும், கேம்ப் மொத்தமும் ஃபெயில்! எப்படி இருக்கு?

சொல்ல வந்தேன், நீ ஹீமோகுளோபின் பாத்தியா? போன தடவை வந்தப்ப உன் கீழ் இமையை இழுத்துப் பாத்தேன், வெளுத்துக் கெடந்துச்சு. கைய தட்டி விட்டே. பாத்துக்கோ.

அப்புறம் உன் கதையில வாம்பயரா மாறிப்போன அந்த அம்மா. நான் ஒண்ணும் நினைச்சுக்கல. அத்தைதான் படிச்சுட்டு ஒரு மாதிரி பேசினா, கதை கதைதான்னு சொல்லி அவ வாயை அடைச்சேன். மாறினவங்க முதல்ல சொந்த வீட்டுக்குத்தான் வருவாங்கங்கறது பழைய நம்பிக்கைதான். அமெரிக்காவுல ரோட் ஐலண்ட்ல ஒரு வீட்டுல அம்மா, மூத்த பொண்ணு, அப்புறம் 1892ல 19 வயசு மெர்சி பிரவுன், எல்லாரும் காசநோய்ல போனாங்க, பையனும் படுத்துட்டான். செத்தவங்கதான் வந்து உறிஞ்சறாங்கன்னு ஊர்க்காரங்க தோண்டி, மெர்சியோட இதயத்தை எரிச்சு, சாம்பலைத் தண்ணில கலந்து அவனுக்குக் குடிக்கக் குடுத்தாங்க. அவனும் ரெண்டு மாசத்துல போயிட்டான். கிருமி செஞ்ச வேலைக்குப் பழி அந்தப் பொண்ணு மேல, பாவம்.

உன் கதையில அந்த அம்மா கதவைத் தட்டறா, பேர் சொல்லிக் கூப்பிடறா, பொண்ணு இந்தப் பக்கம் முழங்காலைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கா. கூப்பிடாம வாம்பயர் உள்ள வரக்கூடாதுன்னு விதி, சரி, உள்ள கூப்பிட வேணாம். "இருக்கேம்மா"ன்னு ஒரு வார்த்தை சொன்னா எந்த விதி மீறிப்போச்சு? நாலு பக்கம் அவளே பேசறா, இவகிட்டேர்ந்து பதிலே இல்ல, ப்ளூ டிக் விழுந்த மாதிரி. ஊர்ல இருக்கற எல்லாருக்கும் பேர் வச்சிருக்கே, நாய்க்குட்டிக்குக்கூட. அவளுக்கு மட்டும் பேரில்ல.

ஆனா அவ குரலை மட்டும் அச்சு அசலா எழுதிருக்கே. "தலையைத் துவட்டினியா"ன்னு வாம்பயரானப்புறமும் கேக்கறா பாரு, அங்க எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். அவர் ஒண்ணும் பேசல, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே இருந்தார்.

வேற நியூஸ் இல்ல. மாடி காலியாச்சு. எட்டாவது அத்தியாயம் எழுதினா அனுப்பு, பகல்ல எழுது. ஹீமோகுளோபின் பாத்து ரிப்போர்ட்டை ஃபோட்டோ எடுத்துப் போடு, வெறுமனே நார்மல்னு டைப் பண்ணி அனுப்பினா நம்ப மாட்டேன், ரிப்போர்ட்தான் வேணும்.

அம்மா