சப்பாத்தைக் கழற்றிய தம்பிக்கு

எங்கள் ஊர்த் தொண்டர் தீயணைப்புப் படையினருக்கும், அந்த நாட்களில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும்,

காட்டுத்தீயிலிருந்து வீடு தப்பிவிட்டது. கைநடுக்கம்தான் இன்னும் விடவில்லை.

நடந்தது உங்களுக்குத் தெரியும். நான் செய்த ஒரு பிழை தெரியாது. அன்று பின்னேரம் எங்கள் பின்வேலியில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த வண்டி திடீரென்று வீதிக்கு ஏறியது. "டாங்கியில் தண்ணீர் கிடக்குதே, விட்டிட்டுப் போறீங்களே!" என்று கத்தினேன். சொல்லக் கூடாததும் வாயில் வந்தது. குழாயைச் சுருட்டிய தம்பி, "காற்று மாறப்போகிறது, நீங்களும் உடனே கிளம்புங்கள்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் விடிய அதே வண்டி, அதே தம்பி. கூரைக்குள் தணல் கிடக்கிறதா என்று பார்க்க வந்திருந்தார். நெருப்பு கடந்துபோய் மணிக்கணக்கான பிறகும், இடுக்கால் புகுந்த தணல் வீட்டை எரித்துவிடும். கூரைக்கு ஏறும் துவாரம் எங்கள் சாமியறையில் இருக்கிறது. கதவைத் திறந்தவர் படங்களையும் விளக்கையும் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே குந்தியிருந்து சப்பாத்து நாடாவை அவிழ்க்கத் தொடங்கினார்.

அம்மா பதறிப்போய், "வேண்டாம் அப்பு, சப்பாத்தோட வாங்கோ" என்றார். என்ன விளங்கியதோ, சிரித்துக்கொண்டே மற்றதையும் கழற்றினார். காலுறை குதிக்காலோடு ஒட்டிக் கிடந்தது. ரத்தம். அந்தக் காலோடு ஏணியில் ஏறி, மூலைமூலையாக டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிறன்று தோசையும் சம்பலும் கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். மூத்த தொண்டர் ஒருவர்தான் சொன்னார். 1983 பெப்ரவரி 16, சாம்பல் புதன் தீ. அவுஸ்திரேலியாவில் எங்கள் விக்டோரியா மாநிலத்து அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் காற்று திரும்ப, நாரி வாரன், பேண்டன் ஹில் படைகளின் தொண்டர்கள் வண்டிகளோடு அகப்பட்டு மாண்டார்கள். 1998 டிசம்பர் 2, லிண்டனில் ஜீலாங் வெஸ்ட் படையின் ஐந்து பேர். அதுவும் காற்று மாறியபோதுதான். டாங்கியின் கடைசித் தண்ணீர் வண்டியிலிருப்பவர்களின் உயிருக்கு என்பதை இவர்கள் இப்படித்தான் படித்திருக்கிறார்கள். நான் வீணாகக் கிடக்கிறது என்று கத்தியது அந்தத் தண்ணீரைப் பார்த்துத்தான்.

1939 ஜனவரி 13 அன்று உச்சத்துக்குப் போன கறுப்பு வெள்ளித் தீயில் விக்டோரியா 71 பேரைப் பறிகொடுத்தது. நீதிபதி ஸ்ட்ரெட்டன் விசாரித்தார். 1944இல் மறுபடியும் எரிந்தது. அதன் பிறகே 1945 ஏப்ரலில், இந்தத் தொண்டர் படைகளை நடத்தும் சி.எஃப்.ஏ. (நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம்) உருவானது. அதற்கு முன்பும் ஊரவர்கள் ஈரச்சாக்கோடு ஓடித்தான் இருக்கிறார்கள். இன்றும் பேஜர் அடித்தால் செய்த வேலையைப் போட்டுவிட்டு, சம்பளமில்லாமல் ஓடுகிறவர்கள் அவர்கள்தான். இருபது வருடமாக அந்த ஸ்டேஷனைக் கடந்து வேலைக்குப் போகிறேன். ஒருநாளும் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

மெல்பேர்ண் பக்கத்து டாண்டினோங்கில் பாய் விரித்துத் தந்த சொந்தங்கள், சோறு கொண்டுவந்த கோயில் நண்பர்கள், எங்கள் நாயைக் கட்டிக் கூட்டிப்போன பக்கத்து வீட்டார், இடைத்தங்கல் முகாமில் அம்மாவுக்குச் சீனி போடாத தேத்தண்ணி தேடித் தந்த பிள்ளை, எல்லோருக்கும் நன்றி.

புதுத் தொண்டர் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். வயது ஐம்பத்திரண்டு. வண்டியில் ஏற்றாவிட்டால் ரேடியோவுக்குப் பக்கத்திலாவது இருப்பேன்.

தம்பி, இதை மகள் ஆங்கிலத்தில் எழுதி ஸ்டேஷன் பலகையில் ஒட்டுவாள். அன்று கத்தியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா ஒரு சோடி கம்பளிக் காலுறை வாங்கிச் சாமியறையில் வைத்திருக்கிறார். வந்து வாங்கிக்கொண்டு போங்கோ.