பிரீமியம் ஏறினால் யாரைத் திட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

தனியார் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம் ஏறும்போதெல்லாம், அரசு மூக்கை நுழைப்பதால்தான் என்று ஒரு சாராரும், அரசு சும்மா இருப்பதால்தான் என்று இன்னொரு சாராரும் கத்துகிறார்கள். இரண்டுமே பாதி உண்மைதான்.

ஏற்கெனவே நோய் உள்ளவரையும் சேர்த்தே ஆக வேண்டும், அவரிடம் கூடுதலாக வாங்கவும் கூடாது என்று விதி போடுவது நியாயம். ஆனால் அதோடு நிறுத்திவிட்டால், உடம்பு நன்றாக இருப்பவர்கள் 'சரி, ஏதாவது வந்தால் அப்போது சேர்ந்துகொள்ளலாம்' என்று விலகிவிடுவார்கள், மிஞ்சுவது அதிகம் செலவு வைப்பவர்கள் என்பதால் கட்டணம் ஏறும், அதைப் பார்த்து இன்னும் சிலர் கழன்றுகொள்வார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மருத்துவமனைக் காப்பீட்டில் காலந்தாழ்த்திச் சேர்ந்தால், 30 வயதைத் தாண்டிய ஒவ்வொரு வருடத்துக்கும் 2 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். தள்ளிப்போடுகிறவர்களுக்கு இது நல்ல பிடி.

அப்புறம் அமெரிக்காவின் 2010 மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். தனிநபர் காப்பீட்டில் வசூலிக்கும் பிரீமியத்தில் 80 சதவீதமாவது சிகிச்சைக்கும் அதன் தரத்துக்கும் செலவாக வேண்டும், அதற்குக் குறைந்தால் குறைகிற தொகையை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கம்பெனிக்குக் கிடைப்பது மீதி 20 சதவீதம் என்றால், மருத்துவமனை பில் பெரிதாகப் பெரிதாக அந்த 20-ம் பெரிதாகுமே, பிறகு பில்லைக் குறைக்கச் சொல்லி அவர்கள் ஏன் சண்டை போடப் போகிறார்கள்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்