கழுகுமலையில் இருக்கும் பிள்ளைக்கு

ஏ பிள்ள,

போன வாரம் போனை வைக்கும்போது, "உனக்கென்ன, நீ சென்னைக்காரி ஆயிட்ட. இனி எங்களையெல்லாம் எங்க நெனைக்கப் போற" என்று சொன்னாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். ஆனாலும் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பதில்தான் இது. வெளியூருக்குப் படிக்கப் போனவர்கள், ஊரிலேயே இருந்துவிட்டவர்கள் என்று நம்மைப் போல நிறையப் பிள்ளைகள் உண்டு. அவர்களும் படிக்கட்டும் என்று எல்லாரும் பார்க்கிற மாதிரியே எழுதுகிறேன்.

இங்கே எனக்குத் தோழிகள் இல்லாமல் இல்லை. அறையில் தர்மபுரிப் பிள்ளை ஒருத்தி, நாகப்பட்டினத்துப் பிள்ளை ஒருத்தி. இரண்டு பேரும் தங்கமான பிள்ளைகள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது மெஸ்ஸிலிருந்து ரசம் சோறு வாங்கி வந்து பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். தமிழ் வழியில் படித்த எனக்கு இன்ஜினியரிங் கிராபிக்ஸ் புரியாதபோது திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறவள் தர்மபுரிக்காரிதான். "புது ஃபிரெண்ட்ஸ் கிடைச்சா சரியாப் போயிடும்" என்று அத்தை சொல்லி அனுப்பினாள். கிடைத்துவிட்டார்கள். சரியாகத்தான் போகவில்லை.

இவர்களிடம் எதையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறாள் என்றால், அங்கே என்ன வேலை, கூலி எப்படி, மழை பெய்தால் ஏன் வேலை குறைகிறது என்று கேட்கிறார்கள். அக்கறையாகத்தான் கேட்கிறார்கள். நானும் குச்சி காய வெயில் வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். சொல்லி முடிப்பதற்குள், சொல்ல வந்த கவலை எங்கேயோ போய்விடுகிறது. உன்னிடம் "ஊர்ல மூணு நாளா மழையாம்ல" என்றால் போதும். உன் அம்மாவுக்கும் என் அம்மாவுக்கும் ஒரே ஆபீஸ். அந்த வாரம் வீடு எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

அப்புறம் அந்த சீட் விஷயம். கோவில்பட்டி பிரவுசிங் சென்டரில் இரண்டு பேரும் சேர்ந்துதானே இன்ஜினியரிங் கவுன்சலிங்குக்குப் பதிந்தோம்? அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டிவிடும் என்று டீச்சர் உன் அப்பாவிடம் வீடு தேடி வந்து சொன்னார்கள். நாமெல்லாம் பணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். அவருக்குப் பயமே வேறு. பொம்பளப் பிள்ளையை 500 கிலோமீட்டர் தாண்டி விடுதியில் விடுவதா என்கிற பயம். அதற்கு அவரிடம் பதில் சொல்ல யாருமே இல்லை. நீ கல்லூரிகளை வரிசைப்படுத்தும் பக்கத்தைத் திறக்கவே இல்லை.

நீ பி.காம். சேர்ந்ததற்கு யாராவது "பாவம்" என்றால் எனக்குக் கோபம்தான் வருகிறது. அம்மாமார் அடைத்த பெட்டிக் கணக்கை நோட்டில் எழுதிவைத்து, கூலி குறைந்ததைக் கண்டுபிடித்துக் கேட்டு வாங்கிக் கொடுத்தவள் நீ. ஆனால் நீ இங்கே பக்கத்தில் இல்லையே என்பது வேறு. தமிழர் மரபு வகுப்பில் மேடம் நம்ம ஊர் வெட்டுவான் கோவில் படத்தைக் காட்டினார்கள். 8ஆம் நூற்றாண்டில் பாண்டியர் ஒரே பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கி, முடிக்காமல் விட்ட கோவில் என்றார்கள். அங்கே உட்கார்ந்துதானே பிளஸ் டூவுக்கு வேதியியல் ஒப்பித்தோம் என்று சொல்ல, சட்டென்று இடப்பக்கம் திரும்பினேன். நாகப்பட்டினத்துக்காரி குறிப்பெடுத்துக்கொண்டிருந்தாள்.

இப்போது போனில் நாம் பேசுவது எனக்குப் பிடிக்கவில்லை. சாப்பிட்டியா, கிளாஸ் எப்படி, சரி வச்சிடவா. தூரத்துச் சொந்தக்காரர்கள் பேசுகிற மாதிரி. பதினொன்றாம் வகுப்பில் கவர்ன்மென்ட் கொடுத்த சைக்கிளில் இரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் போனோமே, அப்போது முக்கியமாக ஏதாவது பேசினோமா? உன் சைக்கிளில் செயின் கழன்றுகொண்டே இருக்கும். நீ குனிந்து மாட்டுவாய், நான் உன் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கரிசல் மண்ணை அள்ளி உள்ளங்கையில் தேய்த்து கிரீசை எடுப்பாய். அதற்குள் கணக்கு டீச்சர் கட்டி வந்த சேலையைப் பற்றி ஒரு கதையே முடிந்திருக்கும். எனக்கு வேண்டியது அந்தப் பேச்சு.

மாதாமாதம் புதுமைப் பெண் பணம் 1000 ரூபாய் ஏறிவிட்டதா என்று கேட்டதோடு வைத்துவிடாதே. டவுன் பஸ்ஸில் யார் சண்டை போட்டார்கள், உங்கள் ஆச்சி யாரை வைதாள், காலேஜ் கேன்டீனில் வடை எப்படி என்று எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜில் போடு. எவ்வளவு நீளம் என்றாலும் கேட்பேன். நானும் போடுகிறேன்.

தீபாவளிக்கு நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 60 நாளைக்கு முன்னால் காலை 8 மணிக்கு ரிசர்வேஷன் திறந்ததும் அறையில் மூன்று பேரும் மூன்று போனில் முயன்றோம், தர்மபுரிக்காரி போனில்தான் கிடைத்தது. சஷ்டி வரைக்கும் இருக்க முடியாது, லீவு இல்லை. விடியக்காலம் ஸ்டேஷனுக்கு வருகிறேன் என்று நீ அப்பாவிடம் மல்லுக்கட்ட வேண்டாம். நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அவரிடம் எனக்கும் பேச வேண்டியிருக்கிறது. விடுதி எப்படி இருக்கிறது, ராத்திரி எத்தனை மணிக்குக் கேட்டைப் பூட்டுகிறார்கள், வார்டன் யார் என்று எல்லாம் உட்கார்ந்து சொல்லப் போகிறேன். உன் தங்கச்சி இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாளே.