இங்கிலாந்தின் லீட்ஸில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். மதுரை வெயில்தான் இன்னும் குறைந்தபாடில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீயும் மாப்பிள்ளையும் கரி எஞ்சின் இழுக்கும் சிறப்பு ரயிலில் போகப்போவதாகச் சொன்னாய். டிக்கெட் விலையைக் கேட்டு அம்மா வாயைப் பிளந்துவிட்டாள். எனக்கென்னவோ கொடுக்கலாம் என்றுதான் தோன்றுகிறது.

உன் ஊருக்கும் நமக்கும் பழைய சொந்தம் உண்டு தெரியுமா? நம்ம நாட்டில் கிழக்கிந்திய ரயில்வேயில் (இ.ஐ.ஆர்.) ஓடிய இ.ஐ.ஆர். 21 என்ற எஞ்சின் 1855இல் லீட்ஸில் செய்தது. 1909இல் ஓய்வு கொடுத்து, அப்புறம் நூறு வருஷம்போல வேடிக்கைப் பொருளாக நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரம்பூர் லோகோ பட்டறைக்காரர்கள் 2010இல் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். 2022 சுதந்திர தினத்தில் எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை ஓடியது. ஸ்டேஷன் வாசலில் பெயின்ட் அடித்து நிறுத்துவதெல்லாம் எனக்குப் பிடிக்காது. எஞ்சின் என்றால் ஓட வேண்டும்.

அங்கே எல்லோரும் கரும்புகையைப் படம் பிடிக்கக் காத்திருப்பார்கள். நீ அதில் மயங்காதே. கரும்புகை வந்தால் கரி சரியாக எரியவில்லை என்று அர்த்தம். மதுரை - போடி லைனில் நான் கரி போடும் ஃபயர்மேனாகப் போன நாட்களில், புகை கறுத்தால் டிரைவர் திட்ட மாட்டார், திரும்பி ஒரு பார்வை பார்ப்பார். அது போதும். கரியை மொத்தமாகக் கொட்டக் கூடாது. நெருப்பு பளிச்சென்று தெரியும் இடமாகப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வீச வேண்டும். புகை லேசாகச் சாம்பல் நிறத்தில் போனால் உள்ளே விவரமான ஆள் இருக்கிறான்.

ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறும்போது முதுகு ஒடியும், ஆனால் பயமிருக்காது. உச்சி தாண்டி இறங்கும்போதுதான் வயிற்றைக் கலக்கும். பாயிலர் தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். நெருப்புப் பெட்டியின் கூரை தண்ணீரில்லாமல் காய்ந்தால் அங்கே பாதுகாப்புக்காக வைத்திருக்கும் ஈய அடைப்பு உருகி, நீராவி நெருப்பிலேயே பாயும். அதனால் ஒரு கண் எப்போதும் தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடியில்தான்.

அந்த ரயில் பாதையை 2010 கடைசியில் மூடி, அகலப் பாதையாக மாற்றினார்கள். 2023இல் போடி வரை மறுபடி வண்டி வந்துவிட்டது. வருஷத்துக்கு ஒரு நாளாவது கரி எஞ்சின் விட்டால் உசிலம்பட்டியே தண்டவாளத்தோரம் வந்து நிற்கும். யார் கேட்கிறார்கள்!

சரி, எஞ்சினை ஒட்டிய பெட்டியில் இடம் பார். ஜன்னலில் தலையை நீட்டாதே, கண்ணில் கரி விழும். மாப்பிள்ளையை வெள்ளைச் சட்டை போட வேண்டாம் என்று சொல். இறங்கியதும் ஃபயர்மேனிடம் போய் இரண்டு வார்த்தை பேசு. டிரைவரைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும், அவனை யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

அன்புடன்,
அப்பா