பெயர் எழுதாத படங்கள்: பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்த முறை கட்டணம், தேர்வு எதுவும் இல்லை. பயப்படாமல் படிக்கலாம்.

போன மாதம் ஒரு பாட்டி பள்ளிக்கு வந்தார். அவருடைய அப்பா இங்கே படித்தவராம். தன் தாத்தாவின் பெயர் சேர்க்கைப் பதிவேட்டில் இருக்குமா என்று கேட்டார். பீரோவின் அடித்தட்டிலிருந்து எடுத்துப் புரட்டினோம். அப்பாவின் பெயர் கிடைத்தது. 'தகப்பனார் பெயர்' கட்டத்தில் முதல் இரண்டு எழுத்துதான் மிச்சம். மீதியை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பாட்டி அந்த இரண்டு எழுத்தின் மேல் விரலை வைத்து, "இதுவாவது இருக்கே" என்றார். எனக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை.

அதனால்தான் இந்தக் கடிதம். வரும் மாதத்திலிருந்து சனிக்கிழமைகளில் காலை 10 முதல் 12 மணி வரை நூலகத்தில் உட்காரப் போகிறோம். பள்ளியின் பழைய பதிவேடுகளைப் படமெடுத்து, பார்த்தெழுத வேண்டும். விருப்பமுள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கடிதங்கள், படங்கள், கொடிவழிக் (வம்சாவளி) குறிப்புகளையும் கொண்டுவரலாம். நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே திருப்பித் தந்துவிடுவோம். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகள் பெற்றோருடன் வரலாம்.

இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். அமெரிக்காவின் 1940-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஏடுகள் 2012 ஏப்ரலில் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பக்கம் எனப் பிரித்துக்கொண்டு, சுமார் 13 கோடிப் பெயர்களை ஐந்தே மாதங்களில் தேடும்படி எழுதி முடித்தார்கள். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு பீரோ.

பார்த்தெழுதுவதில் ஒரு கண்டிப்பு உண்டு. ஏட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும். எழுத்துப்பிழை கண்ணில் பட்டதும் திருத்தக் கை துறுதுறுக்கும். ஆசிரியர்களுக்கு இன்னும் அதிகம். ஆனால் ஒரே ஆளின் பெயர் மூன்று ஏடுகளில் மூன்று விதமாக இருப்பது சகஜம். அந்த வேறுபாடே பின்னால் தேடுபவருக்குத் துப்பாகலாம். உங்கள் கருத்தைத் தனிக் கட்டத்தில் எழுதுங்கள். படிக்க முடியாத இடத்தில் கேள்விக்குறி போதும், ஊகம் வேண்டாம்.

பழைய தாளைக் கையாள்வதில் நானே ஒரு குற்றவாளி. என் தாத்தாவின் கடிதம் மடிப்பில் கிழிந்தபோது, அக்கறையோடு செலோடேப் ஒட்டினேன். சில வருடங்களில் டேப் உதிர்ந்துவிட்டது. பசை மட்டும் பழுப்புப் பட்டையாகத் தாளில் ஊறி, அடியில் இருந்த வரி மங்கிவிட்டது. ஆகவே டேப்பும் லேமினேஷனும் வேண்டவே வேண்டாம். கழுவி நன்றாகத் துடைத்த கை போதும். படமெடுக்கும்போது ஃபிளாஷை அணைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் எடுங்கள்.

நகல் ஒன்றோடு நிறுத்தப் போவதில்லை. 1922-இல் டப்ளினில் நடந்த சண்டையில் அயர்லாந்தின் பொது ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டு ஏடுகள் சாம்பலாயின. வேறு இடங்களில் தங்கியிருந்த நகல்களைத் தேடிச் சேர்த்து அதை இணையத்தில் மீட்டெடுக்கும் முயற்சி, நூறு ஆண்டு கழித்து 2022-இல்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. நாம் பள்ளிக் கணினியில் ஒன்று, தனி ஹார்டு டிஸ்கில் ஒன்று, பள்ளிக்கு வெளியே ஒன்று என்று மூன்று இடத்தில் வைப்போம். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி போன்றவற்றை அவர்கள் அனுமதியின்றி யாருக்கும் காட்ட மாட்டோம். குடும்பத்துக்குள் பேச விரும்பாத விஷயங்களும் இருக்கும்; எதைத் தருவது என்பது முழுக்க உங்கள் முடிவு.

சனிக்கிழமை வர முடியாதவர்களுக்கு வீட்டிலேயே ஒரு வேலை இருக்கிறது. எனக்கு அவசரமாகப் படுவதும் அதுதான். பழைய ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்காருங்கள். படத்தில் இருப்பவர் யார், யாருக்கு என்ன முறை, எங்கே எடுத்தது என்று கேட்டு, படத்தின் பின்புறம் ஓரமாக மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுங்கள். பேனா வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். வழவழப்பான தாளில் பென்சில் பிடிக்காது. அப்படியென்றால் படத்தை ஓர் உறையில் போட்டு, உறை மேல் எழுதிவிடுங்கள். 'அம்மா', 'சித்தப்பா' என்று எழுதி வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைக்கு அது யாருடைய சித்தப்பா என்று தெரியாது. முழுப் பெயர் வேண்டும். அப்புறம், அவர்கள் சொல்லும்போது போனில் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள், அனுமதி கேட்டுவிட்டு.

வர விரும்புவோர் இத்துடன் உள்ள சீட்டை நிரப்பி வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். பழைய கையெழுத்தைச் சரளமாகப் படிக்கத் தெரிந்த தாத்தா பாட்டி வீட்டில் இருந்தால் அவசியம் அழைத்து வாருங்கள். அவர்களுக்குச் சாய்வு நாற்காலி தயாராக இருக்கும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்